அதிர்ச்சி அலை ஓடும்போதே உலோகப் படிகத்தைப் படம்பிடிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

1956-ல் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் பான்கிராஃப்ட், பீட்டர்சன், மின்ஷல் ஆகிய மூவர் வெடிமருந்தால் இரும்புக்குள் அதிர்ச்சி அலையைச் செலுத்தினார்கள். அலை ஒன்றாக வந்து சேரவில்லை. மூன்றாகப் பிரிந்து வந்தது. சுமார் 13 கிகாபாஸ்கல் அழுத்தத்தில் இரும்புக்குள் ஏதோ மாறுகிறது என்பது அதிலிருந்து புரிந்தது. என்னவாக மாறுகிறது என்பது புரியவில்லை. 1962-ல், அதிர்ச்சி இல்லாமல் நிதானமாக அழுத்திய இரும்பில் எக்ஸ்-கதிரைப் பாய்ச்சிப் பார்த்தபோதுதான் அது அறுங்கோண அமைப்பு என்று தெரிந்தது. அலை ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்த மாற்றத்தை எக்ஸ்-கதிரில் நேராகப் பார்த்தது அதற்கும் வெகுகாலம் கழித்து, 2005-ல்.

இந்தத் துறையில் வேலை செய்கிறவர்கள் மறக்கக்கூடாத விஷயம் இந்தக் கதைக்குள்ளேயே இருக்கிறது. வேக அளவீடு (அலை தள்ளும்போது உலோகப் பரப்பு நகரும் வேகத்தை அளப்பது) அழுத்தத்தைச் சொல்லும், படிக அமைப்பைச் சொல்லாது. எக்ஸ்-கதிர் அமைப்பைச் சொல்லும், அழுத்தத்தைச் சொல்லாது. இரண்டையும் ஒரே ஷாட்டில், அதாவது அலையை ஒருமுறை செலுத்தும்போதே, எடுக்க வேண்டும். கீழே வரும் படிகள் எல்லாம் அதற்கான ஏற்பாடுதான். பெரிய எக்ஸ்-கதிர் நிலையம் ஒன்றில் முதல் சோதனைக்குத் தயாராகும் ஆராய்ச்சி மாணவரை மனதில் வைத்து எழுதுகிறேன்.

முதலில் பிராக் விதி, சுருக்கமாக

படிகத்தில் அணுக்கள் தளம் தளமாக அடுக்கியிருக்கின்றன. எக்ஸ்-கதிர் அந்தத் தளங்களில் பட்டுச் சிதறும்போது, 2 × தள இடைவெளி × சைன் (பிராக் கோணம்) = அலைநீளம் என்ற நிபந்தனை பொருந்தும் கோணத்தில் மட்டும் பலமாக வெளிவரும். நேர்க்கதிரிலிருந்து விலகும் கோணம் பிராக் கோணத்தைப் போல இரு மடங்கு. மாதிரியில் ஆயிரக்கணக்கான படிகக் குருணைகள் பல திசைகளைப் பார்த்து இருந்தால், உணர்கருவியில் புள்ளிகளுக்குப் பதில் வளையங்கள் விழும்.

வளையம் வெளிப்பக்கம் நகர்ந்தால் படிகம் அழுந்தியிருக்கிறது. இல்லாத வளையம் முளைத்தால் அமைப்பு மாறியிருக்கிறது. எல்லா வளையமும் போய் அகன்ற மங்கலான பட்டை மட்டும் மிஞ்சினால் உருகிவிட்டது. விவரங்களில்தான் சிக்கல்.

படி 1: ஷாட்டுக்கு முன்பே விடையைக் கணக்கிடுங்கள்

சோதனைக் கூடத்துக்குப் போகும்முன் வளையம் எங்கே விழ வேண்டும் என்று தாளில் போட்டுப் பாருங்கள். இதைச் செய்யாமல் போனால், வந்த படத்தில் எது புதிய வளையம், எது நகர்ந்த பழைய வளையம் என்று பிரிக்க முடியாமல் திணறுவீர்கள். தாமிரத்தை எடுத்துச் செய்து காட்டுகிறேன்.

தாமிரத்தின் அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு 8.93 கிராம். அதில் அதிர்ச்சி அலையின் வேகம், அலைக்குப் பின்னால் பொருள் நகரும் வேகத்தோடு ஏறக்குறைய நேர்கோட்டில் கூடும்: அலை வேகம் = 3.94 + 1.49 × பொருள் வேகம் (கி.மீ./நொடி). பொருள் வேகம் 1 கி.மீ./நொடி என்று வைத்துக்கொண்டால், அலை வேகம் 5.43 கி.மீ./நொடி.

அழுத்தம் = அடர்த்தி × அலை வேகம் × பொருள் வேகம். அதாவது 8.93 × 5.43 × 1 = சுமார் 48.5 கிகாபாஸ்கல். கன அளவு 1 − (1 ÷ 5.43) = 0.816 மடங்காகச் சுருங்கும். எல்லாத் திசையிலும் சமமாகச் சுருங்கினால் ஒவ்வொரு பக்கமும் அதன் கனமூலமான 0.934 மடங்கு. தாமிரத்தின் அலகுக் கூட்டுப் பக்கம் (படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் சின்னக் கனசதுரத்தின் பக்கம்) 3.615 ஆங்ஸ்ட்ராமிலிருந்து 3.378-க்கு இறங்கும்.

இப்போது 8 கிலோ எலக்ட்ரான் வோல்ட் எக்ஸ்-கதிர். அதன் அலைநீளம் 1.55 ஆங்ஸ்ட்ராம். சாதாரண நிலையில் 111 தளத்தின் வளையம் 43.6 பாகையில் விழும் (111, 200 போன்ற எண்கள் எந்தத் தள அடுக்கு என்று காட்டும் குறியீடுகள்). அழுந்திய தாமிரத்தில் 46.8 பாகையில். 200 தளத்தின் வளையம் 50.8-லிருந்து 54.6-க்குப் போகும். மூன்று பாகைக்கு மேல் நகர்வு. கண்ணாலேயே பார்க்கலாம். நகர்ந்த 111 வளையம் பழைய 200 வளையத்தைத் தொடவில்லை என்பதையும் கவனியுங்கள். அழுத்தத்தை இன்னும் ஏற்றினால் தொடும். அப்போது குழப்பம் வரும் என்பது இந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடுகிறது.

படி 2: எக்ஸ்-கதிர் மூலத்தையும் ஆற்றலையும் தேர்ந்தெடுத்தல்

அலை உங்கள் மாதிரியைச் சில நானோ நொடிகளில் கடந்துவிடும். எனவே ஒற்றைத் துடிப்பிலேயே முழுப் படமும் விழ வேண்டும். எக்ஸ்-கதிர் லேசர்கள் இதற்குத் தோதானவை: அமெரிக்காவின் எல்.சி.எல்.எஸ், ஜப்பானின் சாக்லா, ஜெர்மனியின் ஐரோப்பிய எக்ஸ்.எஃப்.இ.எல். துடிப்பின் நீளம் சில பத்து ஃபெம்டோ நொடிகள். அந்த நேரத்தில் அலையின் முகப்பு ஓர் அணுவின் அகலம்கூட நகராது. அதாவது படம் கலங்கவே கலங்காது. அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வகத்தில் சின்க்ரோட்ரான் (எலக்ட்ரான்களை வட்டப்பாதையில் ஓடவிட்டு எக்ஸ்-கதிர் எடுக்கும் இயந்திரம்) கதிரோடு, அலையை உண்டாக்கும் துப்பாக்கியையும் லேசரையும் சேர்த்து வைத்திருக்கிறார்கள்; அங்கே துடிப்பு சுமார் 100 பிக்கோ நொடி. மிக உயர்ந்த அழுத்தம் வேண்டுமானால் ஒமேகா, என்.ஐ.எஃப் போன்ற பெரிய லேசர்கள் உண்டு. அங்கே வேறொரு உலோகத் தகட்டை லேசரால் சூடாக்கி அதிலிருந்து எக்ஸ்-கதிரை உண்டாக்குகிறார்கள். வெளிச்சம் குறைவு, ஷாட்டுகளும் குறைவு.

ஆற்றலைத் தேர்வதில் புதியவர்கள் அடிக்கடி சறுக்குகிறார்கள். தாமிரத்தின் உட்கவர் விளிம்பு, அதாவது உலோகம் கதிரைத் திடீரென்று அதிகமாக விழுங்கத் தொடங்கும் ஆற்றல், 8.98 கிலோ எலக்ட்ரான் வோல்ட். அதற்குக் கீழே 8-ல் கதிர் சுமார் 20 மைக்ரான் ஆழம்வரை போகும். 10-ல் வைத்தால் ஐந்து மைக்ரானிலேயே பாதிக்கு மேல் நின்றுவிடும். போதாக்குறைக்குத் தாமிரமே ஒளிர ஆரம்பித்து, படம் முழுக்கச் சாம்பல் பூசியதுபோல் ஆகிவிடும். ஆற்றல் கூடினால் ஊடுருவல் கூடும் என்ற பொது அறிவு இங்கே தலைகீழாகிறது. இரும்புக்கு இந்த விளிம்பு 7.11-ல். உங்கள் உலோகத்தின் விளிம்பைப் பார்த்து, அதற்குச் சற்றுக் கீழே நில்லுங்கள். முடியாதென்றால், ஒளிர்வை வடிகட்டும் அளவுக்குத் தள்ளி வெகு மேலே போங்கள்.

படி 3: மாதிரியைக் கட்டுதல்

லேசர் அடிக்கும் சோதனைகளில் மாதிரி ஒரு சாண்ட்விச். முன்னால் பிளாஸ்டிக் அடுக்கு, பெரும்பாலும் பாலிஇமைடு, சில பத்து மைக்ரான் தடிமன். நடுவில் உலோகத் தகடு. பின்னால், தேவைப்பட்டால், லித்தியம் ஃபுளோரைடு ஜன்னல். லேசர் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பை ஆவியாக்குகிறது. ஆவி வெளியே பாயும் எதிர்விசை உள்ளே அலையைத் தள்ளுகிறது. பிளாஸ்டிக்குக்கு இன்னொரு வேலையும் உண்டு: மேற்பரப்பில் உண்டாகும் பிளாஸ்மாவின் சூட்டை உலோகத்திடம் அண்டவிடாமல் தடுப்பது. லித்தியம் ஃபுளோரைடைப் பிடித்துக்கொள்வதற்குக் காரணம், அது அதிர்ச்சியிலும் வெகுதூரம் ஒளி ஊடுருவும் தன்மையை இழப்பதில்லை.

கவனிக்க வேண்டியவை மூன்று. பசை அடுக்கு மெல்லியதாகவும் சீராகவும் இருக்கட்டும். தடித்த பசையில் அலை முன்னும் பின்னும் எதிரொலித்து, ஒற்றை அதிர்ச்சியை ஏணிப்படியாக்கிவிடும். தகட்டின் தடிமனை ஒவ்வொரு மாதிரிக்கும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். விற்றவர் எழுதி ஒட்டிய எண்ணை நம்பாதீர்கள். மூன்றாவது, குருணைகளின் திசை. உருட்டித் தட்டையாக்கிய தகட்டில் குருணைகள் ஒரே பக்கம் பார்த்துச் சாய்ந்திருக்கும். வளையம் முழுசாக வராமல் துண்டு துண்டாக வரும். இது எப்போதும் கெடுதல் என்று சொல்ல மாட்டேன். அழுந்தும்போது குருணைகள் எப்படித் திரும்புகின்றன என்று பார்க்க, அந்தத் துண்டுகள்தான் வழிகாட்டும். 2017-ல் வெளியான ஓர் ஆய்வில் டான்டலம் என்ற உலோகத்தில் இதைத்தான் செய்தார்கள்: சாய்வுள்ள தகட்டை எடுத்து, துண்டுகள் வளையத்தின்மேல் எங்கே இடம்பெயர்கின்றன என்று பார்த்து, படிகம் வெறுமனே சுழல்கிறதா, இரட்டைப் படிகமாக மடிகிறதா என்று பிரித்துச் சொன்னார்கள்.

ஒற்றைப் படிக மாதிரியை முதல் முயற்சியிலேயே எடுக்க வேண்டாம். ஒரே அலைநீளக் கதிரில், தளம் அழுந்தியதும் பிராக் நிபந்தனையிலிருந்து நழுவிவிடும். புள்ளி இடம் மாறுவதற்குப் பதில் காணாமல் போகும். அதற்குப் பல அலைநீளக் கதிரோ விரிந்த கதிரோ வேண்டும்.

படி 4: அலையைத் தட்டையாகச் செலுத்துதல்

லேசர் கதிரின் குறுக்கே செறிவு மேடு பள்ளமாக இருந்தால் அழுத்தமும் அப்படியே இருக்கும். அதைச் சமப்படுத்தும் கண்ணாடித் தகடு ஒன்றைப் பாதையில் வைப்பார்கள். லேசர் வட்டத்தின் விட்டம் எக்ஸ்-கதிர் புள்ளியைப் போலப் பல மடங்கு இருக்கட்டும். ஓரங்களிலிருந்து தளர்வு அலைகள் (அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டு வரும் அலைகள்) நடுப்பகுதியை நோக்கி வருவதற்குள் படம் எடுத்தாக வேண்டும்.

லேசர் செறிவு கூடினால் அழுத்தம் அதே விகிதத்தில் கூடாது. ஏறக்குறைய மூன்றில் இரண்டு அடுக்கில்தான் ஏறும். அழுத்தத்தை இரட்டிப்பாக்கச் செறிவை 2.8 மடங்கு கூட்ட வேண்டும். ஷாட் பட்டியல் போடும்போது இதை மறந்துவிட்டு, கடைசி நாளில் லேசர் ஆற்றல் போதாமல் நிற்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

படி 5: நேரத்தைப் பிடித்தல்

மேலே கணக்கிட்ட தாமிரத்தில் அலை நானோ நொடிக்கு 5.43 மைக்ரான் ஓடுகிறது. தகடு 20 மைக்ரான் என்றால் கடக்க 3.7 நானோ நொடி. பிளாஸ்டிக்கைக் கடக்கும் நேரத்தை இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். எக்ஸ்-கதிர் துடிப்பு, அலை உலோகத்துக்குள் நுழைந்து 3 நானோ நொடி கழித்து வந்தால், 16 மைக்ரான் அழுந்திய தாமிரமும் 4 மைக்ரான் பழைய தாமிரமும் சேர்ந்து ஒரே படத்தில் விழும். 4 நானோ நொடி கழித்து வந்தால் அலை மறுபக்கம் எட்டிவிட்டது; அங்கே ஜன்னல் இல்லையென்றால் உலோகம் தளர ஆரம்பித்துவிட்டது; வளையம் உள்பக்கம் இழுபட்டு அகலும்.

புதியவர்கள் பழைய வளையம் படத்தில் இருக்கக்கூடாது என்று நினைத்து, அலை முழுதும் கடக்கும்வரை காத்திருப்பார்கள். நான் அப்படிச் செய்ய மாட்டேன். பழைய வளையம் கொஞ்சம் மிஞ்சியிருப்பது நல்லது. அதன் இடம் துல்லியமாகத் தெரியும், ஆகவே அந்த ஷாட்டுக்குள்ளேயே ஓர் அளவுகோல் கிடைக்கிறது. அப்புறம், பழைய வளையத்தின் பலமும் புதிய வளையத்தின் பலமும் எந்த விகிதத்தில் இருக்கின்றன என்று பார்த்தால், அலை எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்ற உங்கள் நேரக் கணக்கையும் சரிபார்க்கலாம். இரண்டும் ஒத்துவரவில்லை என்றால் எங்கோ பிழை.

படி 6: அளவுத்திருத்தம்

உணர்கருவியின் தூரம், சாய்வு, மையம் எல்லாவற்றையும் சீரியம் ஆக்சைடு அல்லது லாந்தனம் ஹெக்ஸாபோரைடு பொடியைக் கொண்டு திருத்துவது வழக்கம். வளையங்களைக் கோணம்–பலம் வரைபடமாக விரிக்க டையோப்டாஸ், பைஃபாய் போன்ற இலவச மென்பொருள்கள் உண்டு. இந்த வேலை எளிது. ஆனால் பொடி இருந்த அதே இடத்தில்தான் மாதிரியும் இருக்கிறதா என்று பாருங்கள். உணர்கருவி 100 மி.மீ. தூரத்தில் இருக்கும்போது மாதிரி கதிரின் திசையில் அரை மி.மீ. தள்ளியிருந்தால், நம் தாமிர வளையம் 0.14 பாகை பிசகும். அலை உண்டாக்கும் நகர்வே 3.2 பாகைதான் என்பதால் இது சின்னப் பிழை இல்லை. ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னால், லேசர் இல்லாமல், குறைந்த பலத்தில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால் இந்தத் தலைவலி தீரும். ஷாட் முடிந்தபின் மாதிரி ஆவியும் சிதறலுமாகப் போயிருக்கும். திரும்ப அளக்க எதுவும் இருக்காது.

படி 7: வளையங்களைப் படித்தல்

வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது, ஆகவே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

முதல் கேள்வி: படிகம் எல்லாப் பக்கமும் சமமாக அழுந்தியதா, அலையின் திசையில் மட்டும் அழுந்தியதா? அலை ஒரே திசையில்தான் தள்ளுகிறது. அணுக்கள் இடம் மாறி வழுக்க நேரம் கிடைக்காவிட்டால், நம் உதாரணத்தில் அலையின் திசையில் 18.4 சதவீதம் சுருக்கம், குறுக்கே சுருக்கமே இல்லை. வழுக்கிவிட்டால் எல்லாத் திசையிலும் 6.6 சதவீதம். மொத்தக் கன அளவு இரண்டிலும் ஒன்றுதான். அதனால் வேக அளவீடு மட்டும் வைத்திருப்பவருக்குப் படிகத்துக்குள் எது நடந்தது என்று நேராகத் தெரியாது. 2013-ல் எல்.சி.எல்.எஸ்-ல் தாமிரத்தில் இப்படி வழுக்குவது பிக்கோ நொடி அளவில் நடப்பதைப் படம்பிடித்தார்கள்.

இங்கே ஒரு வடிவியல் பொறி இருக்கிறது. எக்ஸ்-கதிரை அலையின் திசையிலேயே நேராகச் செலுத்துகிறீர்கள் என்று வையுங்கள். 111 வளையத்தைத் தருவது, தன் செங்குத்துக் கோடு அலையின் திசையிலிருந்து சுமார் 68 பாகை சாய்ந்திருக்கும் தளங்கள்தான். அதாவது நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் குறுக்குவாட்டுச் சுருக்கம். படிகம் ஒரே திசையில் 18 சதவீதம் நசுங்கியிருந்தாலும், இந்தத் தளங்களின் இடைவெளி 3 சதவீதத்தைச் சுற்றித்தான் குறைந்திருக்கும். அதைச் சமமான அழுத்தம் என்று நினைத்துக் கணக்குப் போட்டால் அடர்த்தி வெகு குறைவாக வரும். அப்புறம் ஏன் வேக அளவீட்டோடு ஒத்துவரவில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்வீர்கள். மாதிரியைச் சாய்த்து வையுங்கள். அப்போது ஒரே வளையத்தின் வெவ்வேறு பகுதிகள் அலையோடு வெவ்வேறு கோணத்தில் இருக்கும் தளங்களைக் காட்டும். வளையம் சரியான வட்டப்பாதையில் நின்றால் அழுத்தம் சமமாகப் பரவியிருக்கிறது. ஒரு பக்கம் உப்பி, மறுபக்கம் ஒடுங்கி நின்றால், அந்த வித்தியாசம்தான் உலோகம் இன்னும் தாங்கிக்கொண்டிருக்கும் வலிமையின் அளவு.

இரண்டாவது கேள்வி: அமைப்பு மாறியதா? ஒரே ஒரு புதிய கோட்டை (கோணம்–பலம் வரைபடத்தில் ஒரு வளையம் தெரியும் கூர்முனையை) வைத்து அறிவிக்காதீர்கள். இரும்பு இதற்கு நல்ல உதாரணம். சாதாரண இரும்பு பொருள் மைய கனசதுரம், அதாவது கனசதுரத்தின் மூலைகளிலும் நடுவிலும் அணு. 13 கிகாபாஸ்கலுக்கு மேல் அறுங்கோண நெருங்கிப் பொதிந்த அமைப்பு. அறுங்கோண இரும்பின் 002 கோடு, அழுந்திய சாதாரண இரும்பின் 110 கோட்டுக்கு மிக அருகில் விழும். பழைய தளமே புதிய தளமாகத் தொடர்வதால் வரும் நெருக்கம் அது. எனவே அந்த இடத்தில் கோடு இருப்பது எதையும் நிரூபிக்காது. அறுங்கோண அமைப்பின் 100 கோடும் 101 கோடும் தனியாகத் தெரிய வேண்டும். தங்கத்திலும் இப்படித்தான்: 2019-ல் வெளியான ஆய்வுகள், 150 கிகாபாஸ்கலுக்கு மேல் அதிர்ச்சியில் தங்கம் முகப்பு மைய கனசதுரத்தை (மூலைகளிலும் முகங்களின் நடுவிலும் அணு) விட்டுப் பொருள் மைய கனசதுரமாக மாறுவதைக் காட்டின. நகைக்கடைத் தங்கத்தைப் பார்த்து யாரும் எதிர்பார்க்காத மாற்றம்.

மூன்றாவது, கோட்டின் அகலமும் முகமும். ஷாட்டுக்கு முன் புள்ளி புள்ளியாக இருந்த வளையம் ஷாட்டில் வழுவழுப்பாக மாறினால், குருணைகள் உடைந்து பொடிந்திருக்கின்றன. கோடு அகலமானால் இரண்டு காரணங்கள் இருக்கலாம்: குருணை சிறுத்தது, அல்லது படிகத்துக்குள் அழுத்தம் இடத்துக்கு இடம் வேறுபடுகிறது. பல கோடுகளின் அகலம் கோணத்தோடு எப்படி மாறுகிறது என்று பார்த்தால் இரண்டையும் ஓரளவு பிரிக்கலாம். உருகல் தொடங்கும்போது கூரிய கோடுகளுக்கு அடியில் அகன்ற மேடு ஒன்று எழும்பும். இரண்டும் சேர்ந்து தெரிந்தால், திடமும் திரவமும் ஒன்றாக இருக்கின்றன என்று சொல்லலாம். ஆனால் பின்னணியைத் தாராளமாகக் கழித்துவிட்டால், அந்த மேட்டையும் சேர்த்தே அழித்திருப்பீர்கள்.

படி 8: அழுத்தத்தோடு பொருத்துதல்

எக்ஸ்-கதிர் எடுக்கும் அதே ஷாட்டில், மாதிரியின் பின்பக்கத்தில், வேகத்தை அளக்கும் விசார் கருவியின் லேசர் ஒளி பட்டுத் திரும்ப வேண்டும். பரப்பு நகரும்போது திரும்பும் ஒளியின் அலைநீளம் மாறுகிறது. அந்த மாற்றத்தைக் குறுக்கீட்டுக் கோடுகளாக்கி வேகத்தைப் படிக்கிறார்கள். ஜன்னலில் கிடைக்கும் வேகம் உலோகத்துக்குள் இருந்த பொருள் வேகம் அல்ல. லித்தியம் ஃபுளோரைடு தாமிரத்தைவிட மிருதுவானது. எல்லைக்கு வந்ததும் தாமிரம் சற்றுத் தளர்ந்து, வேகம் கூடிப் பாயும். இரண்டு பொருட்களின் அழுத்தம்–வேக வளைகோடுகளையும் வரைந்து, உலோகத்துக்குள் இருந்த அழுத்தத்தைப் பின்னோக்கிக் கண்டுபிடியுங்கள். ஜன்னலின் ஒளிவிலகலும் அழுத்தத்தில் மாறும். அதற்கான திருத்தத்தையும் போடுங்கள்.

இப்போது கையில் இரண்டு அடர்த்திகள் இருக்கும்: வளையத்திலிருந்து ஒன்று, வேகத்திலிருந்து இன்னொன்று. ஒத்துவந்தால் சரி. ஒத்துவரவில்லையென்றால் இந்த வரிசையில் தேடுங்கள்: மாதிரி இடம், சாய்வுக் கோணம், ஒருதிசை நசுங்கல், நேரம், பசை அடுக்கின் எதிரொலி, கடைசியாக அமைப்பைத் தவறாக அடையாளம் கண்டது. புதிய அமைப்பு ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டோம் என்ற ஆசையில் பலர் இந்தப் பட்டியலைக் கடைசியிலிருந்து ஆரம்பிப்பார்கள்.

ஒரே அழுத்தத்தில் குறைந்தது இரண்டு ஷாட்டாவது எடுங்கள், ஒன்று அலை உள்ளே இருக்கும்போது, மற்றொன்று அலை வெளியேறும் தறுவாயில். ஷாட் எண், தகட்டுத் தடிமன், சாய்வு, லேசர் ஆற்றல், எக்ஸ்-கதிர் தாமதம், முன்படத்தின் கோப்புப் பெயர் எல்லாவற்றையும் அன்றன்றே ஒரே அட்டவணையில் எழுதிவிடுங்கள். இரவு மூன்று மணிக்கு, பதினாறாவது ஷாட் முடிந்த களைப்பில், எல்லாம் ஞாபகம் இருக்கும் என்றுதான் தோன்றும்.